எவர் காரும் நகராத தீர்மானம்

எங்கள் வட்டாரத்தில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு குழுவுக்கு மட்டும்தான் உறைக்கும். சொல்லாமல் விட்டால் சென்னையில் இன்னும் நாலைந்து குழுக்கள் தங்களைத்தான் எழுதியிருக்கிறான் என்று சண்டைக்கு வரும். எனக்கு அதுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு எழுந்து, சைக்கிளை எஸ்.யூ.வி.யின் கூரையில் கட்டி, ஈ.சி.ஆர். வரை காரில் போய் இறக்கி, மாமல்லபுரம் வரை மிதித்துத் திரும்பி, வழியில் பொங்கல் வடை சாப்பிட்டு, மிதித்த கணக்கைச் செயலியில் ஏற்றி, சைக்கிளை மறுபடி கூரையில் கட்டி வீடு வந்து சேருகிறவர்கள் இந்தக் குழுவினர். இயற்கையைக் காப்பாற்ற இவ்வளவு டீசல் பிடிக்கும் என்று இவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இவர்களுக்கு இந்த வருஷம் ஞானம் பிறந்தது. வெறுமனே மிதித்தால் போதாது, அரசாங்கத்திடம் பேச வேண்டும். பேசுவதற்கு ஒரு கொள்கை வேண்டும். அந்தக் கொள்கை குழுவில் எல்லாருக்கும் சம்மதமானதாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் உட்கார்ந்து 14 கோரிக்கைகளோடு வரைவு தயாரித்தார். நன்றாகவே எழுதியிருந்தார், பொய் சொல்லக் கூடாது. கெடுத்தது முறை. ஓட்டெடுப்பு கிடையாது, ஒருமித்த கருத்துதான். ஒரே ஒருவர் கை தூக்கி “எனக்கு ஒப்புதல் இல்லை” என்றாலும் அந்த வரியைத் திருத்த வேண்டும். திருத்தியும் அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் வரியையே எடுத்துவிட வேண்டும். ஜனநாயகத்தின் உச்சம் இதுதான் என்று ஐ.டி. கம்பெனித் துணைத்தலைவர் ஒருவர் விளக்கினார். அவருடைய கம்பெனியில் இந்த முறையில் ஏதாவது முடிவாகிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கையில் மினிட்ஸ் நோட்டைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் கூட்டம். ஏசி ஓடியது. நாற்காலி போட்டது வாட்ச்மேன். டீ கொண்டு வந்ததும் அவரே. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் கோரிக்கை, பிரதான சாலையின் இருபுறமும் இரண்டு மீட்டர் அகலத்தில், தடுப்புச் சுவரோடு, சைக்கிள் பாதை. வாசித்து முடித்ததும் கைதட்டல். தட்டிய கைகள் ஓய்ந்த பிறகு எலும்பு முறிவு டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

“அந்த ரெண்டு மீட்டர் எங்கேர்ந்து வரும்?”

யாரும் வாய் திறக்கவில்லை. எங்கிருந்து வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு மீட்டரில் காலையில் டாக்டரின் கிளினிக்குக்கு வருகிறவர்களின் கார் நிற்கிறது. சாயங்காலம் துணிக்கடைக்கு வருகிறவர்களின் கார் நிற்கிறது. ராத்திரியில், வீட்டுக்கு இரண்டாவது கார் வாங்கிவிட்டு உள்ளே நிறுத்த இடமில்லாதவர்களின் கார் நிற்கிறது. இந்த ராத்திரிக் கார்களில் மூன்றின் சொந்தக்காரர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். ஒருவர் சாவியை மேசை மேல் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை நோட்டில் உள்ளபடியே தருகிறேன். “இருபுறமும் தடுப்புடன் சைக்கிள் பாதை அமைக்க வேண்டும்” என்ற வரி, “சாத்தியமுள்ள இடங்களில் சைக்கிள் பாதை அமைக்க வேண்டும்” என்று ஆனது. அடுத்த திருத்தத்தில் “தற்போதைய வாகன நிறுத்தத்துக்கு இடையூறின்றி, சாத்தியமுள்ள இடங்களில் சைக்கிள் பாதை அமைக்கலாம்” என்று வந்தது. “அமைக்கலாம்னா நாளைக்கே ஜே.சி.பி.யோட வந்து நிப்பான் சார்” என்று கட்டடக் காண்ட்ராக்டர் பயந்ததால், “அமைப்பது குறித்து உரிய துறைகள் ஆராயலாம்” என்று முடிந்தது. தடுப்புச் சுவர் எந்தத் திருத்தத்தில் விழுந்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை. “வெள்ளைக்கோடு போட்டாப் போதும் சார், ஜனங்க மதிப்பாங்க” என்றார் ஒருவர். அவருடைய கார் அப்போது வெளியே ‘இங்கு வாகனங்களை நிறுத்தாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தது.

இந்தக் குழுவில் வாரநாளிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் ஒரே ஒருவர்தான். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். அவர் எழுந்தார்.

“சார், நாம புதுசா எதையும் கேக்கவே வேணாம். 2014லயே கார்ப்பரேஷன் ஒரு பாலிசி போட்டிருக்கு. அதைச் செய்யுங்கன்னு மட்டும் கேப்போம்.”

அவர் சொன்னது சத்தியம். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை இந்தியாவில் முதலில் ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சிதான். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2018க்குள் நடந்துபோகிறவரும் சைக்கிளில் போகிறவரும் சாலையில் சாவது பூஜ்யமாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கொள்கை போட்டபோது பாராட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். 2018 வந்தது, போனது. இந்தியச் சாலைகளில் ஒவ்வொரு வருஷமும் நாலாயிரத்துக்கும் அதிகமான சைக்கிள்காரர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றிய அரசே தன் அறிக்கையில் அச்சடித்துக் கொடுக்கிற கணக்கு இது.

மேலாளர் புன்னகைத்தார். “அது கவர்ன்மென்ட் பாலிசிம்மா. நாம நம்ம பாலிசியைப் பேசுவோம்.”

காண்ட்ராக்டருக்குப் புன்னகை வரவில்லை. “அறுபது பர்சென்ட் இதுக்கே போச்சுன்னா மேம்பாலம் எல்லாம் என்னாவுறது?” என்று கேட்டார். அவர் கவலை நியாயம்தான். அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. கை தூக்கினார். ஒருமித்த கருத்து இல்லை. அந்தக் கோரிக்கையும் நீக்கம்.

ஆக, மாநகராட்சி தன் கையாலேயே எழுதி ஒப்புக்கொண்டதைவிடக் குறைவாகக் கேட்பது என்று ஒரு சைக்கிள் குழு கூடி, டீ குடித்து, முடிவெடுத்தது. புரோநோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடன் வாங்கியவன் வீட்டு வாசலில் கூசி நிற்கிறவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

சென்னையில் 1970ஆம் ஆண்டில் நூறு பயணத்தில் இருபது சைக்கிளில் நடந்தது. 2008இல் எடுத்த போக்குவரத்து ஆய்வில் அது ஆறாகச் சுருங்கியிருந்தது. அம்பத்தூரில் அந்தக் காலத்திலேயே சைக்கிள் தொழிற்சாலை வந்த ஊர் இது. ஜனங்கள் சோம்பேறியானதால் இருபது ஆறாகவில்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஓரத்தைத் தின்றார்கள். மேம்பாலம் கட்டி, சந்திப்பில் சைக்கிள்காரன் குறுக்கே போகிற வழியை அடைத்தார்கள். ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவனைப் பஸ்ஸுக்கும் பார்க்கிங்குக்கும் நடுவில் தள்ளினார்கள். அவன் மாசத்தவணையில் ஒரு பழைய டி.வி.எஸ். வாங்கி உயிரைக் காப்பாற்றிக்கொண்டான். இதற்குப் பெயர் வளர்ச்சி.

துணைத்தலைவரிடம் ஆம்ஸ்டர்டாம் படங்கள் இருந்தன. கம்பெனி வேலையாகப் போனபோது எடுத்தது. ப்ரொஜெக்டரில் போட்டார். சிவப்புப் பாதையில் கோட்டு போட்டவர்களும் பூப்போட்ட பாவாடைக் கிழவிகளும் சைக்கிளில் போனார்கள். “என்ன கல்ச்சர் பாருங்க சார். அவங்க ரத்தத்துலயே இருக்கு. நம்மாளுங்களுக்கு சிவிக் சென்ஸ் வரணும், அப்புறம்தான் இதெல்லாம்” என்றார். அறை முழுக்கப் பெருமூச்சு.

ரத்தத்தில் இருந்தது உண்மைதான், வேறு அர்த்தத்தில். நெதர்லாந்தில் 1971இல் மட்டும் சாலையில் 3,300 பேர் செத்தார்கள். அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். அன்றைய ஆம்ஸ்டர்டாமிலும் கார்தான் ராஜா. சந்துகளை இடித்து நெடுஞ்சாலை போடத் திட்டம் வைத்திருந்தார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று தலைப்பிட்டு எழுதினார். தலைப்பே இயக்கத்துக்குப் பெயரானது. தாய்மார்கள் தெருவை மறித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு நடுரோட்டில் பிணம் போலப் படுத்தார்கள். அவர்களுடைய சைக்கிள் சங்கம் 1975இல் பிறந்தது இந்தக் கோபத்திலிருந்துதான். அங்கே காரை நிறுத்த முடியாமல் போனவன் கத்தினான், கடைக்காரன் வியாபாரம் போச்சென்று அலறினான். கத்தினவன் சம்மதத்துக்காகக் காத்திருந்தால் இன்றைக்கும் ஆம்ஸ்டர்டாமில் கார்தான் நின்றுகொண்டிருக்கும். துணைத்தலைவர் படமெடுத்த சிவப்புப் பாதைக்குக் கீழே இத்தனை சண்டை கிடக்கிறது. அவர் அதைச் சிவிக் சென்ஸ் என்கிறார்.

சொன்னேன். “நீங்க மினிட்ஸ் மட்டும் எழுதுங்க சார்” என்றார்கள்.

அடுத்து ஹெல்மெட். இதில்தான் குழுவுக்கு உயிர் வந்தது. பாதையைப் பற்றிப் பேசியபோது கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், மீறினால் அபராதம் என்று அரசு சட்டம் போட வேண்டும் என்பது டாக்டரின் கட்சி. உடைந்த தலைகளை அவர் பார்த்திருக்கிறார், மறுக்க முடியாது. கார்பன் ஃபிரேம் சைக்கிளில் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஈ.சி.ஆரில் பறக்கிற குழுவினர் ஹெல்மெட் போடத்தான் வேண்டும். நானே சொல்வேன். ஆனால் அவர் சட்டம் கேட்டது தனக்காக இல்லை. “இந்தப் பால்காரன், பேப்பர் பையன், இவங்கதான் சார் போடறதே இல்ல. ஃபைன் போட்டாத்தான் திருந்துவானுங்க.”

அந்தப் பெண் சொன்னார், “சார், நீங்க இப்பக் காட்டின ஆம்ஸ்டர்டாம் போட்டோல ஒருத்தராவது ஹெல்மெட் போட்டிருக்காங்களா?”

ப்ரொஜெக்டரை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஒரு குழந்தை தலையில்கூட இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990இலேயே சட்டம் இருக்கிறதே என்று டாக்டர் திருப்பியடித்தார். சைக்கிள் ஷோரூம் வைத்திருப்பவர், சட்டம் வந்தால் குழு உறுப்பினர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தார். ஒருவர் ‘கட்டாயம்’ என்பதற்குப் பதில் ‘வலியுறுத்தல்’ என்றார். இன்னொருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், பால்கனியில் நின்று, யாரும் கூப்பிடாததால் தானே திரும்பி வந்தார். அடுத்த கூட்டத்திலும் அதே சண்டை. அதற்கடுத்த கூட்டத்திலும். நோட்டில் பாதி ஹெல்மெட்தான்.

ஏன் இதில் மட்டும் இவ்வளவு ஆவேசம் என்று யோசித்துப் பார்த்தேன். பாதை கேட்டால் கார் நகர வேண்டும். வேகத்தைக் குறை என்று கேட்டால் கார் நிதானிக்க வேண்டும். ஹெல்மெட் ஒன்றில்தான் காருக்கு எந்த வேலையும் இல்லை. இடிக்கப்படுகிறவன் காசு கொடுத்து வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும், மாட்டாவிட்டால் செத்தது அவன் குற்றம். இதைவிட வசதியான பாதுகாப்புத் திட்டம் கார்க்காரர்களுக்கு எங்கே கிடைக்கும்?

வரிக் கோரிக்கையில் மட்டும் ஒரு நிமிஷத்தில் ஒற்றுமை வந்தது. சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி.யைக் குறைத்ததற்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம். 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நல்ல விஷயம். ஆனால் மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலேயே 5 ஆகிவிட்டது. கணக்குப் பாருங்கள். ஆறு வருஷம், பல லட்சம் ரூபாய்க்கு மின்சாரக் கார் வாங்கியவர் 5 சதவீதம் கட்டினார், மூட்டை தூக்குகிறவர் ஐயாயிரம் ரூபாய்க்குச் சைக்கிள் வாங்கி 12 சதவீதம் கட்டினார். அந்த ஆறு வருஷம் இந்தக் குழு எங்கே இருந்தது? துணைத்தலைவர் மின்சாரக் கார் வாங்கியதற்கு வாழ்த்துச் சொல்லிக் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. படம் இருக்கிறது.

பெண்களுக்கென்று ஒரு கோரிக்கை வந்தபோது மேலாளர் உணர்ச்சிவசப்பட்டார். “புதுக்கோட்டை! உலகத்துக்கே வழிகாட்டின ஊர் சார்!” என்றார். நாட்டுக்கே தெரிந்த கதைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள், கிராமச் செவிலியர்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி நாடெங்கும் தெரிந்தது. பொட்டச்சிக்கு எதற்கு சைக்கிள் என்று சிரித்தவர்களிடம் அந்தப் பெண்கள் ஒருமித்த கருத்துக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க்குடம் என்று ஏறி மிதித்தார்கள்.

இதே மேலாளர் அடுத்த கோரிக்கையில் முகம் சுளித்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா சைக்கிளைத் தரமானதாகக் கொடுக்க வேண்டும், பள்ளியிலேயே பழுதுபார்க்க வசதி வேண்டும் என்று அந்தப் பெண் எழுதித் தந்திருந்தார். 2001இல் ஜெயலலிதா ஆட்சியில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, பிறகு படிப்படியாக விரிந்து, பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த திட்டம். தமிழ்நாட்டில் சைக்கிளுக்காக யாராவது உருப்படியாக ஒன்று செய்தார்கள் என்றால் இதுதான். தூரத்துப் பள்ளிக்கு நடக்க முடியாமல் நிற்க வேண்டியிருந்த பெண் பிள்ளைகளைப் பிளஸ் டூ வரை கொண்டுபோன சக்கரம் அது.

“ஃப்ரீபீஸை நாம ஆதரிச்சா நம்ம குரூப் இமேஜ் என்னம்மா ஆவுறது?” என்றார் மேலாளர். “ஃப்ரீயா குடுத்தா மதிப்பு தெரியாது. பாதிப் பேரு வித்துடறாங்க.”

பெண் கேட்டார், “சார், நம்ம காரை ரோட்ல நிறுத்தறோமே, அதுக்கு எவ்வளவு கட்டறோம்?”

டாக்டர் சிரித்துவிட்டார், பாவம், அவரை மீறி. மேலாளர் சிரிக்கவில்லை. கோரிக்கை நீக்கம்.

நோட்டில் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. துணைத்தலைவர் ஒரு புதுக் கோரிக்கை கொண்டுவந்தார். ஆபீஸ் நேரத்தில் மெதுவாகப் போகிற சைக்கிள்களைப் பிரதான சாலையில் விடாமல் உள்தெருக்களுக்குத் திருப்பலாமே என்றார். அவர்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். 2013இல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. சைக்கிளை நம்பிப் பிழைத்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அங்கே தடை போட்டது போலீஸ். இங்கே தடை கேட்டது சைக்கிள் குழு, சைக்கிள் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு. அந்தப் பெண் மட்டும் கை தூக்கியதால் அந்த வரி ஏறவில்லை. ஒருமித்த கருத்து முறையால் விளைந்த ஒரே நன்மை என்று இதை எழுதி வைத்திருக்கிறேன்.

இனி வாட்ச்மேன்.

அவர் வண்டி ஒரு பழைய ஹெர்குலிஸ். செயின் கவர் பாதி போய்விட்டது. பேன்ட் மாட்டாமலிருக்க வலது காலில் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வார். பின் கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருப்பார். டைனமோ ஓடுவதில்லை. இரவு ஒன்பதரைக்கு ஷிஃப்ட் முடிந்து பைபாஸைத் தாண்டி வீட்டுக்குப் போகிறார். வாரத்தில் ஆறு நாள், மழையிலும். அவர் மிதிக்கிற கணக்கைச் செயலியில் ஏற்றினால் குழுவின் ‘இந்த மாத வீரர்’ கோப்பை மாசாமாசம் அவருக்குத்தான் வரும். ஏற்ற முடியாது, அவரிடம் இருப்பது பட்டன் போன்.

ஒரு கூட்டத்தில் டீ வைத்துவிட்டுத் திரும்பியவரை அந்தப் பெண் நிறுத்தினார். “அண்ணா, நீங்களும் சைக்கிள்லதான வர்றீங்க? ரோட்ல உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

அவர் முதலில் மேலாளர் முகத்தைப் பார்த்தார். மேலாளர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

“ஒண்ணும் பெருசா இல்லம்மா. சிக்னலாண்ட மழைத்தண்ணி போறதுக்குக் கம்பி போட்டு வெச்சிருக்காங்க பாருங்க, அந்தக் கம்பி ரோட்டு வாட்டத்துல இருக்குது. சைக்கிள் வீலு உள்ள போயிடுது. ரெண்டு தபா விழுந்துட்டேன். அத்த குறுக்க திருப்பிப் போட்டாப் போதும்.”

போய்ப் பார்த்தேன். சாலையோர வடிகால் மேல் இரும்புக் கம்பிச் சட்டம். கம்பிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. வண்டி போகிற திசையிலேயே நீளவாட்டில் கிடக்கிறது. காரின் டயர் அகலம், அது பாட்டுக்கு ஏறிப்போகிறது. சைக்கிளின் முன்சக்கரம் பொறியில் கால் வைத்தமாதிரி இறங்கிவிடும். பின்னால் பஸ் வந்தால் அவ்வளவுதான். சட்டத்தைப் பெயர்த்துத் திருப்பி வைக்க இரண்டு ஆள், ஒரு கடப்பாரை, அரைநாள் வேலை. 14 கோரிக்கைகளில் ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக, இவ்வளவு மலிவாக, இவ்வளவு உடனடியாக இல்லை.

குழு விவாதித்தது. இது ‘தனிநபர் குறை’. கொள்கை அறிக்கையில் இடம்பெறத் தக்கதல்ல. மாநகராட்சியின் புகார் எண்ணுக்கு அவரே போன் செய்யலாம். ஒருமித்த கருத்து. எல்லாக் கையும் சேர்ந்து உயர்ந்தது. வழக்கமாக மறுக்கிற ஒரே கை அன்றைக்கு இல்லை. அந்தப் பெண் எழுந்து போய்விட்டிருந்தார். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. “யங்ஸ்டர்ஸுக்குப் பொறுமை கம்மி” என்று மேலாளர் சொன்னதை நான் நோட்டில் ஏற்றவில்லை.

கடைசியில் அறிக்கையில் நின்றது மூன்று வரி. ஒன்று, சைக்கிள் ஓட்டுவதன் நன்மைகள் குறித்துப் பொதுமக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். இரண்டு, சாலையைப் பயன்படுத்தும் அனைவரும் ஒருவரையொருவர் மதிக்க வேண்டும். மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை ஏதேனும் ஒரு சாலையைச் சைக்கிளுக்காக ஒதுக்குவது குறித்து ஆராயலாம். வழவழப்பான தாளில் அச்சடித்து, வெளியீட்டுச் செலவுக்கு ஸ்பான்சரும் பிடித்தார்கள். ஒரு கார் ஷோரூம்.

இரண்டாவது வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஒருவரையொருவர் மதிக்க வேண்டுமாம். ஒன்றரை டன் இரும்பும் பதினெட்டுக் கிலோ இரும்பும் ஒன்றையொன்று மதித்துக்கொள்ள வேண்டுமாம். மதிக்காவிட்டால் ஒரு பக்கத்துக்குப் பெயின்ட் போகும். இன்னொரு பக்கத்துக்கு என்ன போகும் என்று எலும்பு முறிவு டாக்டருக்குத் தெரியும். அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அறிக்கையை வாங்கிய அதிகாரி மகிழ்ந்துபோனார். மகிழாமல்? ஒரு பைசா செலவில்லாத கோரிக்கைகளோடு வருகிறவர்களை அவர் தினமும் பார்ப்பதில்லை. குழுவினருக்கு டீ சொன்னார். “உங்களை மாதிரிப் படிச்சவங்க இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல சார்” என்றார். அவர் சொன்னதிலேயே முழு உண்மை அதுதான். விழிப்புணர்வை நீங்களே ஏற்படுத்துங்களேன் என்று திருப்பிக் கொடுத்தார். குழுவும் ஏற்றுக்கொண்டது. மறுவாரம் பால்காரர்களையும் வாட்ச்மேன்களையும் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்து, மட்கார்டில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். மேலே கார் ஷோரூம் பெயர்.

எங்கள் வாட்ச்மேன் ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ராத்திரில மின்னுமா சார்?”

“நல்லா மின்னும்ப்பா. வர்ற கார்க்காரருக்கு உன்னைத் தெரியும்.”

“இப்பவும் தெரியும் சார். ஆரன் அடிச்சுக்கினேதான வர்றாங்க.”

வெளியீட்டு விழா கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழின் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. சைக்கிளைக் காரில் ஏற்றி வரும் உறுப்பினர்களின் வசதிக்காக, நடைபாதையை ஒட்டிய பகுதியில் அன்று காலை கார்களை நிறுத்திக்கொள்ளப் போக்குவரத்துக் காவல்துறையிடம் அனுமதி பெறப்பட்டுள்ளது. மனு கொடுத்த அன்று சாயங்காலமே கையெழுத்தாகி வந்ததாக மேலாளர் பெருமையோடு சொன்னார்.